நான் வாசிக்காத பதினான்கு பக்கங்கள்

நம் வகுப்பு மலருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று கடிதம் வந்தது. தலைப்பையும் நீங்களே தந்துவிட்டீர்கள்: 'மருத்துவக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு நான் தயாரான விதம்.' பேரப்பிள்ளைகள் வாசித்துப் பயனடைய வேண்டுமாம். நல்ல நோக்கம்தான். நீங்கள் எல்லோரும் என்ன எழுதப் போகிறீர்கள் என்பது எனக்கு இப்போதே தெரியும். விடிய நாலு மணிக்கு எழும்பினோம், முகம் கழுவினோம், பிள்ளையாரைக் கும்பிட்டோம், பழைய வினாத்தாள்களைச் செய்து பார்த்தோம். நானும் அதையெல்லாம் செய்தவள்தான். ஆனால் என் தயாரிப்பு பதினொரு வயதிலேயே தொடங்கிவிட்டது, அதுவும் எனக்காக அல்ல. அதை எழுதினால் ஒரு பக்கத்தில் அடங்காது. வெட்டுவதானால் என்னைப் பற்றி நல்லதாக எங்காவது வந்திருந்தால் அதை வெட்டுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் உங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே வார்டில் நின்று, ஒருத்திக்கும் இதைச் சொல்லாமல் இருந்தேனே, அதுவும் சேர்ந்து வெட்கம்.

அது ஜப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட வருஷம். ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் எங்கள் வீடு. அப்பா துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். கிணற்றடியில் நின்றால் உள்துறைமுகத்தில் சாம்பல் நிறக் கப்பல்கள் வரிசையாக நிற்பது தெரியும். எனக்கு யுத்தம் என்றால் அந்தக் கப்பல்களை எண்ணுவதுதான். அன்று காலையில் ஆபத்துச் சங்கு ஊதியது. வளவுக்குள் வெட்டியிருந்த பதுங்கு குழிக்குள் பாய்ந்தோம். எங்கள் வீட்டு நாலு பேருக்கு வெட்டிய குழிக்குள் அக்கம்பக்கத்தார் பன்னிரண்டு பேர். மண் அதிர்ந்து தலையில் கொட்டியது, யாரோ என் காதுக்குள்ளேயே தேவாரம் பாடினார்கள். வெளியே ஏறி வந்தபோது எண்ணெய்த் தாங்கி எரிந்து வானத்தின் ஒரு பக்கம் கறுத்திருந்தது. அண்ணா மட்டும் திரும்பவும் குழிக்குள் இறங்கி மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி மிதிபட்டுத் தூளாகியிருந்தது. யாருடைய கால் என்று கடைசிவரை தெரியவில்லை. என்னுடையதாகவும் இருக்கலாம்.

அண்ணாவுக்குத் தூரப்பார்வை. உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கடலின் கோடியில் போகிற கப்பலுக்கு எத்தனை புகைபோக்கி என்று அவரால் சொல்ல முடியும். மூக்குக்கு முன்னால் இருக்கும் எழுத்து மட்டும் எறும்புக் கூட்டம் மாதிரிக் கலைந்து போகும். மல்லுக்கட்டிப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் தலை பிளந்துவிடும். பரீட்சைக்கோ இன்னும் நாலு மாதம்தான் இருந்தது.

அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்தவர். பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதால் கடைசித் தவணை நடக்காமல் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா ஏற்கனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஒருக்காத்தான். பாஸ் பண்ணினாக் கொழும்பு. இல்லாட்டி கந்தோர் ஸ்டோர்ஸில இடம் இருக்கு, துரையிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். ரெண்டாந் தரம் எண்ட கதை இஞ்ச இல்லை."

அண்ணா "ஓம் அப்பா" என்றார். டொக்டராக வரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர்தான் நாடி பிடித்துப் பார்ப்பார். அம்மா சிரிப்பார், ஆனாலும் கையை நீட்டுவார்.

குண்டு விழுந்த மூன்றாம் நாள் எங்களைச் சல்லிக்கு அனுப்பிவிட்டார் அப்பா. சல்லி பட்டினத்துக்கு வடக்கே இருக்கிற மீன்பிடிக் கிராமம். அங்கே பெரியம்மாவின் வீடு, அம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா பட்டினத்திலேயே நின்று, சனிக்கிழமை பின்னேரங்களில் சைக்கிளில் பாண் ரொட்டியும் பத்திரிகையும் கொண்டு வருவார். கண்ணாடிக்குக் கொழும்பிலிருந்த சித்தப்பாவிடம் எழுதியாயிற்று. சித்தப்பா ஒவ்வொரு கிழமையும் பதில் போடுவார். வில்லை கப்பலில் வரவேண்டுமாம், கப்பல் முழுக்க யுத்தச் சாமானாம், அடுத்த கிழமை நிச்சயமாம். எத்தனை 'அடுத்த கிழமை' என்று எண்ணி முடியாது.

அதுவரைக்கும் யார் வாசிப்பது? அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, பெரியம்மாவுக்கு எழுத்தே தெரியாது. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்து, பொருள் விளங்காமலே இங்கிலீஷை மளமளவென்று வாசிக்கப் பழகியிருந்தவள் நான்தான். ஆகவே நான் அண்ணாவின் கண் ஆனேன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் முறை இதுதான். காலையில் இரசாயனமும் பௌதிகமும், பின்னேரம் தாவரவியலும் விலங்கியலும். அண்ணா முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்து கடலைப் பார்த்தபடி கேட்பார். ஒரு பந்தியை நான் மூன்று தரம் வாசிக்க வேண்டும். பிறகு அவர் அதைத் திருப்பிச் சொல்வார். நான் வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டு போய், ஒரு சொல் தப்பினாலும் ஈர்க்குக் குச்சியால் கதிரைக் காலில் தட்டுவேன். அவர் கடலைப் பார்த்தது பராக்கு அல்ல. கிட்டத்தில் எதைப் பார்த்தாலும் தலையிடி வரும்.

"தூரத்தில கண்ணை வைச்சாத்தான் பிள்ளை, நீ சொல்லுறது உள்ளுக்குப் போகுது" என்பார்.

இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள்தான் பெரிய கரைச்சல். புத்தகத்துப் படம் அவருக்குத் தெரியாது. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கடல் வற்றி ஈரமணல் இறுகியிருக்கும் நேரத்தில் இருவரும் கரைக்குப் போவோம். நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் ஒரு தடியால் தவளையின் இதயத்தை ஒரு தோணி நீளத்துக்குக் கீறுவார். எழும்பி நின்று பார்த்தால் அந்தத் தூரத்தில் அவருக்கு ஒவ்வொரு கோடும் தெரியும். நான் உள்ளே போய் நின்று "இது இடது சோணையறை, இதுக்குள்ள நான் நிக்கிறன்" என்று கத்துவேன். குருதி போகிற வழியில் என்னை நடக்கச் சொல்வார். பிழையான குழாய்க்குள் திரும்பினால் "ஐயோ, ஆள் செத்துது!" என்று அவரும் கத்துவார். கரைவலை இழுக்க வந்தவர்கள் சுற்றிப் போவார்கள்.

"என்ன தம்பி, அம்மனுக்குத் தேர் கீறுறீரோ?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை அண்ணை, தவளைக்கு" என்றார் அண்ணா. அன்று முழுக்கச் சல்லி சிரித்தது.

வலையில் அகப்பட்ட குட்டிச் சுறாக்களை அவர்கள் எங்களுக்கென்று தூக்கிப்போடுவார்கள். அண்ணா சொல்லச் சொல்ல நான் பழைய சவரப் பிளேட்டால் அதன் தலையைக் கீறி நரம்புகளைப் பிரித்தெடுப்பேன். உடற்கூற்று மண்டபத்தில் முதல் நாளே என் கை நடுங்கவில்லை என்று பேராசிரியர் மெச்சியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். எப்படி நடுங்கும்? சல்லிக் கரையில் எத்தனை சுறாவை வெட்டின கை அது.

இப்படியே போயிருந்தால் நல்லது. ஆனால் நான் பதினொரு வயதுப் பிள்ளை, எனக்குப் பின்னேரம் என்று ஒன்று வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் கடல் எங்களுக்குச் சாமான் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. வெளிக்கடலில் குண்டுபட்டு மூழ்கிய கப்பல்களிலிருந்து பலகை, கயிறு, தக்கை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தகரப் பேணிகள். உப்புத் தண்ணீரில் பேணியின் தாள் கழன்றுபோயிருக்கும், உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துச் சண்டை பிடிப்போம். சிலதில் கெட்டிப் பால் இருக்கும். சிலதில் மாட்டிறைச்சி. அது வந்தால் அம்மா பேணியோடு சேர்த்து அதைத் திறந்த கத்தியையும் வீட்டுக்கு எடுக்க மாட்டார். சல்லிப் பிள்ளைகள் பேணி பொறுக்கப் போவது பின்னேரம் நாலு மணிக்கு. எனக்கு நாலு மணிக்கு விலங்கியல். அவர்கள் கூவிக்கொண்டு வேலியோரம் ஓடும்போது நான் மண்புழுவின் கழிவகற்றலை மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டிருப்பேன். அழுகை வரும்.

ஒருநாள் அண்ணா கிணற்றடிக்குப் போயிருந்த நேரம், நாளைக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் புத்தகத்தைப் புரட்டினேன். முயலைப் பற்றிய அத்தியாயத்தில் பெரிய படமொன்று வந்தது. ஆண் முயலும் பெண் முயலும், வயிற்றைத் திறந்து, உள்ளே உள்ளதெல்லாம் பெயரோடு. நான் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் கருவாட்டுச் சுளகோடு பெரியம்மா நின்றது தெரியாது. எழுத்துத் தெரியாதவருக்குப் படம் தெரியாதா?

"தங்கச்சி, இஞ்ச ஒருக்கா வா!" என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தார். "உன்ர மகள் வாசிக்கிற வேதத்தை வந்து பார்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். முகம் போன போக்கைச் சொல்ல ஏலாது. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே முயற்குட்டி கருப்பைக்குள். அதற்கடுத்த பக்கமும் அதே கதைதான்.

"இண்டைக்கோ நாளைக்கோ பெரியபிள்ளை ஆகப்போற பெட்டை" என்றார் பெரியம்மா. "இதை அண்ணன்காரனுக்கு முத்தத்தில இருந்து உரத்து வாசிக்கிறதோ? வேலியால போறவன் வாறவன் கேட்டா என்ன நினைப்பான்?"

"அவனுக்குச் சோதினைக்கு வேணுமே அக்கா."

"வேணுமெண்டா அவன் தானே வாசிக்கட்டும். இவள் ஏன்?"

அம்மா உள்ளே போய் ஊசியும் கறுப்பு நூலும் எடுத்து வந்தார். ஏழு தாள், பதினான்கு பக்கம். சேர்த்துப் பிடித்து, பாவாடைக்கு விளிம்பு தைப்பது போல ஓரத்தால் தைத்துக்கொண்டே போனார். நான் பதறிவிட்டேன்.

"எழுத்தில குத்தாதையுங்கோ அம்மா, அப்பா ஏசுவார்."

"எழுத்தில படேல்லை, ஓரத்தில தான். கண்ணாடி வந்த உடன அண்ணா நூலை வெட்டிப்போட்டுத் தானே வாசிக்கட்டும். அடுத்த கிழமை வருதெண்டு சித்தப்பா எழுதியிருக்கிறார் தானே. நீ அண்ணாட்டைச் சொல்லிப்போடு, அம்மா தைச்சு வைச்சிருக்கிறா எண்டு."

அம்மா செய்ததில் ஒரு நியாயம் இருந்தது. அதை இப்போதும் மறுக்க மாட்டேன். ஆனால் அதை அண்ணாவிடம் சொல்ல அம்மாவுக்கே வாய் வரவில்லை, என் தலையில் கட்டிவிட்டார். வளர்ந்த மகனிடம் ஒரு தாய் சொல்லக் கூசியதை, பதினொரு வயதுப் பெட்டை எந்த வாயால் சொல்வாள் என்று அவர் நினைக்கவில்லை. அந்தக் காலத்து வீடுகள் அப்படி. நீங்களும் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள்தானே.

மறுநாள் பின்னேரம் தைத்த இடத்துக்கு முந்திய பக்கம் முடிந்தது. கட்டுப்போல் விறைத்து நின்ற ஏழு தாளையும் ஒரே புரட்டாகப் புரட்டி அடுத்த அத்தியாயத்தின் தலைப்பை வாசித்தேன். அண்ணா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொறு பொறு. இதுக்குப் பிறகு இனப்பெருக்கம் வரவேணுமே?"

நான் விரலை அந்தத் தலைப்பிலேயே வைத்திருந்தேன்.

"மாஸ்டர் அதை வகுப்பில எடுக்கேல்லை, பிள்ளை. வீட்டில வாசியுங்கோடா எண்டு சொல்லிப்போட்டுத் தானும் சிரிச்சுக்கொண்டு போயிட்டார். நல்லாப் பார், இருக்கும்."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். 'அம்மா தைச்சு வைச்சிருக்கிறா.' மூன்றே சொல். வாயைத் திறந்தேன், முகமெல்லாம் கொதித்தது. வேலிக்கு அப்பால் பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடினார்கள். நான் தாள்களைச் சரசரவென்று சத்தம் வரப் புரட்டினேன், தேடுகிறேன் என்று அவர் நினைப்பதற்காக.

"இல்லை அண்ணா. இந்தப் புத்தகத்தில அது இல்லை."

அவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு எனக்காக ஒரு காரணத்தையும் அவரே கண்டுபிடித்துத் தந்தார்.

"பழைய பதிப்பாக்கும். சரி, அப்ப இதை விட்டிட்டாங்கள்போல. இண்டைக்கு நேரத்தோட முடிஞ்சுது. களைச்சுப்போனாய், போய் விளையாடு."

ஓடினேன். அன்று எனக்கு ஒரு பேணி அகப்பட்டது. கல்லால் குத்தித் திறந்தோம். பால். விரலால் வழித்து வழித்து நக்கினேன். அதுதான் நான் வாழ்க்கையில் சாப்பிட்டதிலேயே ருசியான சாமான் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனால் ருசியாகத்தான் இருந்தது.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குச் சொன்னால் 'நேற்று ஏன் பொய் சொன்னனி' என்று கேட்பாரே. அதற்கடுத்த நாள் இன்னும் கஷ்டம். ஒரு கிழமை போனபின் அம்மா கேட்டார்: "அண்ணாட்டைச் சொன்னனியோ?" நான் "ஓம்" என்றேன். அதோடு அம்மாவின் பக்கத்துக் கதவும் அடைபட்டது.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது சித்தப்பாவின் தந்தி வந்தது. கண்ணாடி தயாராகிறதாம், உடனே புறப்பட்டு வரட்டுமாம். அண்ணா துள்ளிக் குதித்தார். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

"உனக்கு என்ன வேணும் சொல். கொழும்பில இருந்து கொண்டு வாறன்."

"ஒண்டும் வேண்டாம்."

"ஏன் மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிக்கிறாய்? கண்ணாடி கிடைச்ச உடன புத்தகத்தை ஒருக்கா முழுக்கப் பார்த்திடுவன். நீ வாசிச்சதெல்லாம் அச்சுப்போல மண்டைக்குள்ள இருக்கு. பயப்பிடாதை."

பெட்டியை நான்தான் அடுக்கினேன். விலங்கியல் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில், வேட்டிக்குக் கீழே வைத்தேன். நூலை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டினால் ஊசித் துளை இருக்குமே. அப்படியெல்லாம் யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. திருகோணமலை ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது அவர் கையைக் காட்டினார். எனக்குக் கையைத் தூக்க முடியவில்லை.

கண்ணாடி அவர் கைக்கு வந்தது பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம். விலங்கியல் மறுநாள் காலை முதல் வினாத்தாள். கட்டாயக் கேள்வி எதைப் பற்றி வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. புதுக் கண்ணாடி போட்டால் முதல் நாள் தலை சுற்றும், புத்தகம் விரிக்க ஏலாது என்பதையும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அண்ணா திரும்பி வந்த அன்று சாப்பிடவில்லை. பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்து என் கையில் தந்தார்.

"இதைப் பத்திரமா வை."

அவர் அந்தப் பக்கம் போனதும் திறந்து பார்த்தேன். நூலைப் பிளேட்டால் ஒழுங்காக வெட்டியிருந்தார், ஒரு தாளும் கிழியவில்லை. பதினான்கு பக்கமும் விரிந்து கிடந்தன.

முடிவு வந்த சனிக்கிழமை அப்பா சைக்கிளை வேலியில் சாத்தாமலே போட்டுவிட்டு உள்ளே வந்தார். மற்றப் பாடமெல்லாம் நல்ல புள்ளி, விலங்கியலில் தவறிவிட்டார். போதாததற்குச் சித்தப்பாவின் கடிதம் ஒன்று அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. பெடியன் விலங்கியல் மண்டபத்திலிருந்து நேரம் முடிய முன்னமே எழும்பி வந்துவிட்டான், ஏன் என்று கேட்டால் வாய் திறக்கிறான் இல்லை என்று சித்தப்பா எழுதியிருந்தார். அப்பா கதிரையில் இருந்தார். அண்ணா புதுக் கண்ணாடியோடு முன்னால் நின்றார். அம்மா குசினி வாசலில். நான் தூணோடு.

"ஏன் எழும்பி வந்தனி?"

"எழுத ஏலாமல் போச்சுது அப்பா."

"ஏன் ஏலாமல் போனது? நாலு மாசம் இஞ்ச என்ன செய்தனி?"

அண்ணா நிலத்தைப் பார்த்தார். தைத்த கதையைச் சொன்னால் அம்மாவைச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கங்கள் என்று அப்பாவின் முகத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். என்னையும் சொல்ல வேண்டும். அவர் ஒன்றையும் சொல்லவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ தானே பிள்ளை வாசிச்சனி. உண்மையைச் சொல்லு. அவன் கவனமாக் கேட்டவனோ?"

கேட்டவர். ஒரு சொல் விடாமல் கேட்டவர். நான் தொண்டை கட்டி நிறுத்தினாலும் 'இன்னும் ஒரு பந்தி பிள்ளை' என்று கேட்டவர். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி 'அப்ப ஏன் தெரியாமல் போனது' என்று வரும். அந்தக் கேள்வி வரக்கூடாது என்பதுதான் எனக்கு அப்போதைய ஒரே யோசனை.

"கேட்டவர்... சில நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்" என்றேன்.

அண்ணா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். புதுக் கண்ணாடிக்குள் அவருடைய கண்கள் பெரிதாகத் தெரிந்தன. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆச்சரியம்தான் இருந்தது.

"கேட்டியோ?" என்றார் அப்பா அம்மாவிடம். "கடல் பார்த்தவராம் துரை. நான் அங்க சங்குச் சத்தத்துக்கு நடுவில கிடந்து உழைக்க, இவர் இஞ்ச கடல் பார்த்தவர். சோதினை மண்டபத்தில ஒண்டும் தெரியாமல் பயந்து எழும்பி ஓடியிருக்கிறான். பயந்தாங்கொள்ளி!"

அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், "நீ அண்ணாட்டைச் சொன்னனி தானே?" என்று மெதுவாகக் கேட்டார். நான் மறுபடியும் "ஓம்" என்றேன். அம்மா பெருமூச்சு விட்டார். சொல்லியும் வாசிக்காமல் விட்டிருக்கிறான் என்று அவரும் நம்பினார். அந்த நம்பிக்கையோடேயே செத்தார்.

திங்கட்கிழமை அப்பா அண்ணாவை சைக்கிளின் முன்பாரில் ஏற்றிக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போனார். யுத்தம் முடிந்தும் அண்ணா அங்கேயே இருந்தார். ஆணியும் கயிறும் பெயின்ட் வாளியும் எண்ணினார். நான் கொழும்புக்கு உங்களோடு படிக்க வந்தது அவருடைய சம்பளத்தில். அதே புத்தகத்தில்தான் படித்தேன். பாதிக்கு மேல் அவருடைய குரலிலேயே எனக்குப் பாடமாகியிருந்தது. விலங்கியலில் எனக்கு வந்த புள்ளியைப் பார்த்து நீங்கள் பொறாமைப்பட்டீர்களே, இப்போது தெரிகிறதா? அண்ணா என்னிடம் ஒரு நாளும் அந்தப் பின்னேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நான் பாஸ் பண்ணியபோது அப்பாவை விட அவர்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அப்பா மட்டும் மறக்கவில்லை. அன்புவழிபுரத்தில் வீடு கட்டிக் குடிபோனபின், வருகிறவர்களுக்கு எங்கள் இருவரையும் அறிமுகப்படுத்தும் முறை ஒன்று அவருக்கு இருந்தது. "இவள் டொக்டர். இவர் சோதினையில இருந்து எழும்பி ஓடினவர்." ஆரம்பத்தில் கோபத்தில் சொன்னது, போகப் போகப் பகிடி ஆகிவிட்டது. வந்தவர்கள் சிரிப்பார்கள், அண்ணாவும் சேர்ந்து சிரிப்பார். அப்பா கடைசியில் பாரிசவாதத்தில் ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். குளிக்கவார்த்தது, தூக்கி இருத்தினது, மலசலம் எடுத்தது எல்லாம் அண்ணா. நான் லீவு போட்டுக்கொண்டு வந்து நாடி பார்த்து, மருந்து எழுதி, நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போவேன். வாய் கோணிய நிலையிலும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்பா சொன்னார், "இவள் தான் என்ர பேரைக் காப்பாத்தினவள்." அண்ணா அப்போது அவருடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஏழு மாதத்தில் எத்தனை தரம் வாய்ப்புக் கிடைத்தது என்று எண்ண விருப்பமில்லை.

அப்பா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, ஆட்கள் சாப்பிட்டுப் போன பின்னேரம், முற்றத்தில் நானும் அண்ணாவும் மட்டும் இருந்தோம். அவருக்கு அப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, அழத் தொடங்கினேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் முதுகைத் தட்டினார். அதுதான் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சொல்லச் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, இல்லை என்று பொய் சொன்னது, கடலைப் பற்றி அப்பாவிடம் சொன்னது, எல்லாம்.

"எனக்குத் தெரியும், பிள்ளை" என்றார். "நூலைக் கண்ட உடனயே தெரியும். அது அம்மாவின்ர தையல். உனக்கு வெக்கமா இருந்திருக்கும். பதினொரு வயசு. அதை நான் அண்டைக்கே விட்டிட்டன். டொக்டரா வராததையும் விட்டிட்டன்."

"அப்ப ஏன் அண்ணா ஒரு நாளும் என்னை ஏசேல்லை?"

உள்ளே பெண்கள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவர் எழும்பி, வாடகைக்கு எடுத்த கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். மூன்றோ நாலோ அடுக்கியபின், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அப்பாட்டைச் சொல்லியிருக்கலாம். ஒரு மாசத்துக்கு முந்திச் சொல்லியிருந்தாலும் போதும்."